வாயில சொன்னத பேப்பர்ல எழுதித் தாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் எங்க கடைக்கு காலைல ஏழு மணி பஸ்ல வந்துரும். நான் மொதல்ல புரட்டுறது ராமநாதபுரம் மாவட்டப் பக்கம்தான். இலங்கைக்கு கடத்த வச்சிருந்த பீடி இலை பறிமுதல், கடல் அட்டை பறிமுதல், மஞ்சள் மூட்டை பறிமுதல்னு அடிக்கடி வருது, எத்தன மூட்டை, எத்தன கிலோ, என்ன மதிப்பு, பிடிச்சவங்க பதவி என்னன்னு எல்லாம் போட்டோவோட. நல்லது, வரட்டும். ஆனா அது மாதிரி ஒரு ஸ்டேஷன்ல போயி, "ஐயா நான் குடுத்த மனு என்னாச்சு, ஒரு காப்பி தாங்க"ன்னு எங்க சித்தப்பா கேட்டா மட்டும் அது ரகசியம் ஆயிருதே, அது எப்படின்னு கேக்கத்தான் இந்த லெட்டர். நீளமாத்தான் போகும். வெட்டுறதா இருந்தா என் பொலம்பல வெட்டுங்க, செக்‌ஷன் நம்பர வெட்டிராதீங்க, அது நாலு பேருக்கு ஒதவும்.

நான் கடற்கரை ஊர் ஒண்ணுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர் பேரு போடல, போட்டா ஸ்டேஷன் பேரும் தெரிஞ்சிரும், எனக்கு அங்க யாரோடயும் சண்டை இல்ல, அவங்க ஜெராக்ஸும் என் கடைலதான் எடுக்குறாங்க.

போன வருஷம் ஆவணில ஒரு ராத்திரி, கரைல ஏத்தி வச்சிருந்த சித்தப்பா வள்ளத்துலருந்து எஞ்சின கழட்டிட்டுப் போயிட்டாங்க. 9.9 எச்.பி அவுட்போர்டு, மானியத்துல வாங்குனது. போல்ட்ட ஸ்பேனர் போட்டு பொறுமையா கழட்டிருக்காங்க, எண்ணெய் ஓஸ மட்டும் அறுத்திருக்காங்க, அவசரத்துல அறுத்த மாதிரி கூட இல்ல, நல்லா நேரா அறுத்திருக்கு. சித்தப்பா அந்த அறுந்த ஓஸ இன்னமும் திண்ணைல தொங்கவிட்டு வச்சிருக்காக.

விடிஞ்சதும் லோக்கல் ஸ்டேஷனுக்குப் போனா "வள்ளம் சமாச்சாரம்னா மரைனுக்குப் போங்க"ன்னாங்க. மரைன்னா கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 1994-ல ஆரம்பிச்சது, இங்க யாரும் அந்தப் பேர முழுசா சொல்றதில்ல. அங்க போனா "கடலுக்குள்ள நடந்தாத்தான் நாங்க, கரைல நடந்தா லோக்கல்தான்"னு திருப்பி விட்டுட்டாங்க. எங்க வள்ளம் நின்ன எடத்துல தண்ணி ஏறுனா கடல், வத்துனா கரை, களவாணி எந்த நேரத்துல வந்தான்னு யாருக்குத் தெரியும். எல்லை எதுவா இருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார வாங்கணும்னு 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்ங்கிற குத்தவியல் நடைமுறைச் சட்டத்துல 173-வது பிரிவுல எழுதியே இருக்கு, ஆனா அன்னைக்கு அது எனக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் பாரா நிக்கிறவர்ட்ட நின்னு பிரிவு நம்பர் சொல்ற தைரியம் வந்திருக்காது.

மூணாவது நாள் லோக்கல் ஸ்டேஷன்லயே ஒரு சீட்டு குடுத்தாங்க. சி.எஸ்.ஆர். மனு வாங்கிக்கிட்டோம்ங்கிறதுக்கான ரசீது. சித்தப்பாவுக்கு அதுதான் கேஸ் போட்டதுன்னு நெனப்பு, மஞ்சப்பையில மடிச்சு வச்சிருந்தாக. என் கடைக்கு வர்றவங்கள்ல பத்துல எட்டுப் பேரு இப்படித்தான், சி.எஸ்.ஆர் சீட்ட நீட்டி "எஃப்.ஐ.ஆர ரெண்டு காப்பி எடு தம்பி"ங்கிறாங்க. அது எஃப்.ஐ.ஆர் இல்ல. எஃப்.ஐ.ஆர்னா குத்த நம்பர் இருக்கும், பிரிவு இருக்கும், கோர்ட்டுக்கு ஒரு பிரதி போகும், புகார் குடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காசில்லாம ஒரு காப்பி உடனே தரணும், 173(2). ஊர்ல ஒரு அக்கா, வீட்டுக்காரரு கடல்ல தவறிப் போனவரு, இன்சூரன்சுக்கு எஃப்.ஐ.ஆர் காப்பி கேட்டாங்கன்னு ஒரு புரோக்கர்ட்ட ஆயிரம் ரூவா குடுத்திருக்கு. சும்மா தரவேண்டிய பேப்பர். அந்த அக்கா சொன்னப்ப எனக்கு வயிறெரிஞ்சு போச்சு.

சரி நம்ம கதைக்கு வாரேன். புது எஞ்சினுக்கு மனு போடலாம்னு மீன்துறை ஆபீசுக்குப் போனா, பழசு களவு போச்சுன்னா எஃப்.ஐ.ஆர் காப்பி கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க, அவங்க கேக்குறது நியாயந்தான். மச்சான் மக போன்ல தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ட தொறந்து பாத்துச்சு. எஃப்.ஐ.ஆர் போட்டா 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நெட் சரியா கெடைக்காத எடமா இருந்தாக்கூட 72 மணி நேரந்தான், பாலியல் குத்தம் தீவிரவாதம் மாதிரி கேசுக்கு மட்டும் விலக்கு. எங்க எஞ்சின் களவுல என்ன தீவிரவாதம், ஆனா தேடுனா ஒண்ணும் வரல. போட்டாத்தானே ஏத்துறதுக்கு.

ஸ்டேஷனுக்கு நடையா நடந்தோம். நான் சொல்ல வர்றதே இதுதான் ஐயா, அங்க யாரும் எங்கள வெரட்டல, கெட்ட வார்த்தை பேசல, ஒரு ஏட்டையா டீ கூட வாங்கிக் குடுத்தாரு. முடியாதுன்னு ஒருத்தரும் சொல்லல. "ஐயா பசும்பொன் பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு, வரட்டும்", "ரைட்டர் லீவு", "சிஸ்டம் டவுன்", "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் பெரியவரே", "இது பார்டர் ஏரியா, எல்லாத்தையும் காப்பி எடுத்துக் குடுத்துர முடியுமா". எல்லாம் வாயில. ஒரு துண்டுப் பேப்பர்ல ஒரு வரி கெடையாது. எங்க ஊர்க்காரங்களுக்கு வாய்ப்பேச்சுதான் பத்திரம், மீன் ஏலத்துல லட்ச ரூவா யாவாரம் வாயில முடிஞ்சிரும், அதனால ஸ்டேஷன்ல வாயில சொன்னதயும் அப்படியே நம்பிட்டு வந்துருவாங்க. ஆனா சட்டம் இருக்கே அது பேப்பருக்குத்தான் அசையும். முடியாதுன்னு எழுதிக் குடுத்தா அதுக்கு மேல அப்பீல் போகலாம். "வரட்டும் பாப்போம்"ங்கிறதுக்கு மேல எங்க அப்பீல் போறது?

அதான் தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்னு முடிவு பண்ணேன். 2005-லருந்து இருக்கிற சட்டம், மத்தவங்களுக்கு நானே எத்தனையோ மனு டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன், ரேஷன் கார்டு, பட்டா, ரோடுன்னு. போலீசுக்கு அடிச்சதில்ல. வெள்ளைத்தாள்ல எழுதி 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புனா போதும், ஸ்டாம்ப் ராமநாதபுரம் கோர்ட் பக்கம் போனா கெடைக்கும். எதுக்காக கேக்குறேன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல, 6(2). ஸ்டேஷனுக்கு அனுப்பாதீங்க, எஸ்.பி ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு அனுப்புங்க, தப்பான ஆபீசுக்குப் போயிருந்தாலும் அவங்களே 5 நாள்ல சரியான ஆபீசுக்கு மாத்தி அனுப்பணும், 6(3). மரைனா லோக்கலான்னு நாங்க அலைஞ்ச அலைச்சலுக்கு இந்த ஒரு பிரிவு போதும், கெரகம், ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

மொத மனுவுல நானே கோட்ட விட்டுட்டேன். கோவத்துல "எஞ்சின் திருட்டில் ஏன் இதுவரை நடவடிக்கை எடுக்கவில்லை, யார் பொறுப்பு"ன்னு எழுதிட்டேன். கேள்விக்கு விளக்கம் சொல்றது தகவல் ஆகாதுன்னு ரெண்டு வரில பதில் வந்துருச்சு. சரியான பதில்தான், கோவிச்சுக்க முடியாது. அவங்க கையில பேப்பரா இருக்கிறதத்தான் கேக்க முடியும், மனசுல இருக்கிறத கேக்க முடியாது. மறுக்கா எழுதுனேன், இந்தத் தடவ ஏன்னு ஒரு வார்த்தை கெடையாது. இன்ன நம்பர் சி.எஸ்.ஆர் பதிவோட நகல், அந்தத் தேதில ஸ்டேஷன் பொது நாட்குறிப்புல அது சம்பந்தமா எழுதுன பக்கம், மனு மேல எடுத்த நடவடிக்கைப் பதிவு, மனுவ முடிச்சிருந்தா முடிச்ச உத்தரவோட நகல். அவ்வளவுதான். இத கட் பண்ணி கடைல ஒட்டியே வச்சிருக்கேன், வர்றவங்க நம்பரையும் தேதியையும் மாத்திக்கிட்டா போதும்.

இருபத்தொம்பதாவது நாள் பதில் வந்துச்சு. 30 நாள் கெடுன்னா 29-ல அனுப்புற அந்தக் கணக்கு மட்டும் தப்பவே தப்பாது போல. "பிரிவு 8(1)(எச்)-ன்படி விசாரணைக்கு இடையூறு ஏற்படும் என்பதால் வழங்க இயலாது." ஒத்த வரி. சித்தப்பா மொகம் செத்துப்போச்சு. நான் சொன்னேன், "சித்தப்பா, இப்பத்தான் நமக்கு கையில பேப்பர் வந்திருக்கு"ன்னு. அஞ்சு மாசத்துல மொத தடவையா முடியாதுன்னு எழுத்துல வந்திருக்கு, கையெழுத்தோட, சீலோட.

விசாரணை நடந்துக்கிட்டு இருக்குங்கிறதே காரணம் ஆகாது, இந்தப் பேப்பரக் குடுத்தா விசாரணை எப்படிக் கெடும்னு அவங்கதான் காட்டணும்னு டெல்லி ஹைகோர்ட் 2007-லயே பகத் சிங்ங்கிறவர் கேஸ்ல சொல்லியிருக்கு. அத வச்சு மொத அப்பீல் போட்டேன், 30 நாளைக்குள்ள போடணும், தமிழ்நாட்டுல அப்பீலுக்கு ஸ்டாம்ப் கூட வேணாம். புகார் குடுத்தவருக்கே அவர் குடுத்த மனுவ மறைக்கிறதுல யாரு விசாரணை கெடப்போகுது, எஃப்.ஐ.ஆரே போடலன்னா என்ன விசாரணைன்னும் ஒரு வரி சேத்தேன். அந்த பார்டர் ஏரியா ரகசியத்துக்கும் பதில் எழுதுனேன்: 24(4)-ல விலக்கு குடுத்திருக்கிறது க்யூ பிராஞ்ச் மாதிரி உளவுப் பிரிவுக்கு, நம்ம சாதா ஸ்டேஷனுக்கு இல்ல, அந்த உளவுப் பிரிவே ஆனாலும் ஊழல், மனித உரிமை மீறல் பத்தி கேட்டா விலக்கு நிக்காது. கடல் பக்கத்துல இருக்கிறதால எங்க ஊர் ஸ்டேஷன்ல உள்ள மனு ரிஜிஸ்டர் ராணுவ ரகசியம் ஆயிருமா.

அப்பீல்ல ஜெயிச்சோம். அடுத்தவங்க பேரு போன் நம்பர மறைச்சிட்டு மீதிய குடுங்கன்னு உத்தரவு. 11 பக்கம், பக்கத்துக்கு 2 ரூவா, 22 ரூவா கட்டுங்கன்னாங்க. கெடு தாண்டிட்டா காசு வாங்கக் கூடாதுன்னு 7(6) இருக்கு, அதுக்கும் சண்டை போடலாம்தான், அதுக்கு இன்னும் ஒரு மாசம் போகும், கட்டிட்டேன்.

கவர கடைலதான் பிரிச்சோம். சித்தப்பா கல்லாப்பெட்டி பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருந்தாக, நான் ஒவ்வொரு பக்கமா வாசிச்சேன். மொத ஒம்பது பக்கம் நமக்குத் தெரிஞ்சதுதான். பத்தாவது பக்கத்துல கீழ இருந்து நாலாவது வரி, நீல மையில, "மனுதாரர் நேரில் ஆஜராகி, காணாமல் போன எஞ்சின் கிடைத்துவிட்டதாகவும் மேல் நடவடிக்கை தேவையில்லை எனவும் தெரிவித்ததால் மனு முடிக்கப்பட்டது." தேதி, புரட்டாசி மாசத்துல ஒரு வியாழக்கிழமை.

நான் ரெண்டு தடவ வாசிச்சேன். சித்தப்பா "எந்தத் தேதிய்யா"ன்னு கேட்டாக. சொன்னேன். வேட்டிய கொஞ்சம் வெலக்கி கெண்டைக்கால காட்டுனாக. அந்த வாரம் பூரா அவுக ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரில படுத்திருந்தாக, அடுத்தவங்க வள்ளத்துக்குக் கூலிக்குப் போயி வலையிலருந்து மீன் கழிக்கிறப்ப திருக்கை முள்ளு ஏறி கால் வீங்கி சீழ் வச்சிருச்சு. டிஸ்சார்ஜ் சீட்டு அந்த மஞ்சப்பையிலயே சி.எஸ்.ஆர் சீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு. சேர்த்த தேதி திங்கள், அனுப்புன தேதி சனி. எந்திரிச்சு ஒண்ணுக்குப் போக ரெண்டு பேரு பிடிக்கணும், அந்த மனுசன் வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு நேர்ல போயி எஞ்சின் கெடச்சிருச்சுன்னு சொன்னாராம். நாங்க ஐப்பசி கார்த்திகைன்னு நடந்த நடையெல்லாம் முடிஞ்சுபோன மனுவுக்கு நடந்த நடை. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்"னு சொன்னப்பல்லாம் அது மூடிக் கெடந்திருக்கு.

யாரு எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது, மாசக் கடைசில நிலுவை மனுவ குறைச்சுக் காட்டணும்னு எங்கிட்டோ இருந்து நெருக்குனாங்களோ என்னமோ, அது என் ஊகம், ஊகத்த வச்சு யாரையும் குத்தம் சொல்லல. ஆனா அந்த ஒரு வரிய பாக்குறதுக்கு எங்களுக்கு ரெண்டு மனு, ஒரு அப்பீல், கிட்டத்தட்ட நாலு மாசம் ஆயிருக்கு. கேட்ட அன்னைக்கே ரிஜிஸ்டர தொறந்து காட்டியிருந்தா அஞ்சு நிமிசம்.

அந்த 11 பக்கத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டு காப்பியையும் வச்சு எஸ்.பி-க்கு தபால்ல புகார் அனுப்புனோம், ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர் போடலன்னா அப்படி அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ் 173(4), அதுலயும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட்ட போகலாம். அந்த மட்டுக்கும் போக விடல, சித்திரைல எஃப்.ஐ.ஆர் போட்டுட்டாங்க. காப்பி காசில்லாம கையில குடுத்தாங்க, வெப்சைட்லயும் வந்துருச்சு. எஞ்சின் வரல, வரும்னு சித்தப்பாவுக்கும் நம்பிக்கை இல்ல. தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டு வள்ளத்துக்கு இல்ல, ஆனா எஞ்சின் இல்லாத வள்ளத்துக்கு வருசம் பூராவும் தடைக்காலம்தான்னு அவுகளே சொல்லி சிரிச்சுக்கிறாக.

ஒரு பயமும் சொல்லிக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்துல 8(1)(ஜே)-ன்னு ஒரு பிரிவு, தனிநபர் தகவல்னா குடுக்க வேண்டாம்ங்கிறது. முன்னாடி அதுக்குள்ளயே பொதுநலன் இருந்தா குடுக்கலாம்னு ஒரு வழி விட்டிருந்தாங்க, டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் வந்து 2025 நவம்பர்ல அந்த வாசகத்த எடுத்துட்டாங்க. 8(2)-ல பொதுநலன் வாசல் இன்னும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா போலீஸ் பேப்பர்ல ஆளு பேரு இல்லாத பேப்பர் எது? அடுத்தவங்க பேர மறைச்சிட்டு மீதிய குடுக்கலாம்ங்கிற 10-வது பிரிவ மறந்துட்டு, தனிநபர் தகவல்ங்கிற ஒத்த வார்த்தையில கதவ சாத்துனாங்கன்னா எங்க மாதிரி ஆளுக்கு அடுத்த பஸ் எது. நீங்க பத்திரிகைக்காரங்க, இதப் பத்தி நீங்கதான் எழுதணும்.

கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. தொண்டிலருந்து சாயல்குடி வரைக்கும், அங்கிட்டு மண்டபம் பாம்பன் ராமேஸ்வரம் உள்பட, லோக்கல் ஸ்டேஷனோ மரைன் ஸ்டேஷனோ, வாசல்ல ஒரு போர்டு. தகவல் அலுவலர் யாரு, மேல்முறையீட்டு அலுவலர் யாரு, எஃப்.ஐ.ஆர் காப்பிக்கு காசில்ல, சி.எஸ்.ஆர் வேற எஃப்.ஐ.ஆர் வேற. தகவல் அலுவலர் பேர வெளிப்படையா போடணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல 4-வது பிரிவுலயே இருக்கு. பீரோவுக்குப் பின்னாடி மாட்டாம, கண்ணாடி போட்ட கிழவி நின்னு வாசிக்கிற ஒயரத்துல மாட்டுனா நல்லாருக்கும். டிசைன் பண்ணி லேமினேஷன் போட்டு நானே தாரேன், எங்க ஊர் ஸ்டேஷனுக்கு மட்டுமாவது, காசு வேணாம்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. ஸ்டேஷன்ல கேமரா பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், கொறஞ்சது ஒரு வருசமாவது வச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பர்ல சொல்லியிருக்கு. அந்த வியாழக்கிழமை எங்க சித்தப்பா நேர்ல ஆஜரானாருன்னா வாசல் கேமராவுல நொண்டிக்கிட்டாவது வந்திருக்கணுமே. அந்தத் தேதி பதிவ அழிக்காம வைங்க, எங்களுக்கு ஒரு காப்பி தாங்கன்னு புது மனு போட்டிருக்கேன், ஸ்பீட் போஸ்ட் ரசீது கல்லாப்பெட்டியில இருக்கு. போட்டு இன்னைக்கு பதினாலு நாள். புரட்டாசி வந்தா ஒரு வருசம் ஆயிரும், அதுக்குள்ள பதில் வரணும். இருபத்தொம்பதாவது நாள் என்ன வருதுன்னு பாத்துட்டு மறுபடி எழுதுறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை ஊர்லருந்து,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்